என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்

என் மனைவியின் இடது மணிக்கட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். உடைத்தவன் நான். கொட்டாப்புளியால் அடித்தேன். உளியின் தலையில் தட்டுவதற்காகப் படாக் மரத்தில் நானே செய்து வைத்திருந்த கனமான மரச்சுத்தியல் அது. தலையைப் பார்த்துத்தான் வீசினேன். அவள் கையை உயர்த்திக்கொண்டதால் கை போயிற்று, தலை தப்பியது. போதையில் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை என்று பலர் சொல்வார்கள். நானும் இங்கே அப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது. எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போலக் கேட்டது. கேட்ட பிறகும் இரண்டாவது தடவை ஓங்கினேன்.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துத் தச்சன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காண்ட்ராக்டர் எங்கள் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரைச் சென்னையில் கப்பல் ஏற்றிப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். புதிது புதிதாக எழும்பிய குவார்ட்டர்ஸ்களுக்குக் கதவு, ஜன்னல், மேஜை, பீரோ செய்யும் பட்டறை வேலை. மின்னி பே சரிவில் தகரக்கூரை போட்ட பலகை வீடு கிடைத்தது. ஒரு வருடம் கழித்து மனைவியை வரவழைத்துக்கொண்டேன். ஊரில் எப்போதாவது கள் குடித்தவன், இங்கே வந்து தினமும் குடித்தேன். சரிவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சாராயம் கிடைக்கும். அது கிடைக்காத நாளில் பட்டறையில் மரத்துக்குப் பாலிஷ் போட வைத்திருந்த ஸ்பிரிட்டைக் குடித்தேன். அரக்கு கலந்தது, தொண்டையை அரித்துக்கொண்டு இறங்கும். என்னோடு அதைக் குடித்த ஒருவனுக்குக் கண் பார்வை மங்கிப்போனது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒளித்து வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலை அவள் வாசலில் கவிழ்த்துக் கொட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இரண்டாவது தடவை ஓங்கியபோது பின்னாலிருந்து யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். என் இரண்டு கைகளையும் விலாவோடு சேர்த்து அணைத்து, அப்படியே தரையில் இழுத்துப் போட்டு, என்னை மடியில் வைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று வீடு கீழே குடியிருந்த படகுக்காரர் அவர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், மரப்படகு கட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். தனியாள். குடிக்க மாட்டார் என்பதால் நாங்கள் அவரைப் "பாதிரியார்" என்று கேலி செய்வோம். அதற்கு முன் அவரோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

"விடுலே! விடு!" என்று கத்தினேன். தலையைப் பின்னால் வீசி அவர் முகத்தில் மோதினேன். அவர் மூக்கு நசுங்கியது எனக்கே பிடரியில் தெரிந்தது. சூடாக ரத்தம் என் கழுத்தில் இறங்கியது. குனிந்து அவர் முன்னங்கையைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. அவர் பிடி தளரவில்லை.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வங்காளிகள், மலையாளிகள், எங்கள் ஆட்கள். "மாரோ சாலே கோ", அடிங்கடா அவனை என்று ஒருவன் இந்தியில் கத்தினான். "கட்டி வச்சு உரிங்கய்யா அவன!" என்று இன்னொருவன். ஒருவன் கையில் துடுப்போடு உள்ளே வந்துவிட்டான்.

"ஒருத்தனும் இவன் மேல கை வைக்கக்கூடாது" என்றார் படகுக்காரர், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே. "தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுதான் இப்ப வேல."

அவளைக் கூட்டிப்போனார்கள். படியில் விழுந்துவிட்டேன் என்று அவள் அங்கே சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாரும் நம்பவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அவர் என்னை அரை மணி நேரமாவது பிடித்திருப்பார். உதைத்தேன், காறித் துப்பினேன், அவர் தாயையும் அவருடைய மாதாவையும் சேர்த்துத் திட்டினேன். கடைசியில் களைத்துப்போய் அழுதேன். அப்போதுதான் அவர் பேசினார்.

"நான் உன்ன அடிக்க மாட்டேன், ஓய். நான் நல்லவன்னு நெனச்சுக்கிடாத. அடிக்க ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. அதான் அடிக்கல."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றார். மூக்கு வீங்கி இரண்டு கண்ணுக்கும் கீழே கறுத்திருந்தது. கையில் ஒரு தூக்குச் சட்டியில் கடுங்காப்பி. என் மனைவி கையில் மாவுக்கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவர் முதலில் அவளிடம்தான் கேட்டார்.

"தங்கச்சி, நான் உள்ள வரலாமா?"

"அண்ணாச்சி, இவுகள எங்கயாவது கொண்டுபோயிருங்க" என்றாள் அவள்.

"கொண்டுபோறதுக்கு எடம் கெடையாதும்மா. நான்தான் இங்க வரணும்."

அவர் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ஐந்து வருடம் முன்பு இதே தீவில் ஒரு மத்தியானம், அவரும் தம்பியும் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். வலையைக் காயப்போடுவதில் ஏதோ வாக்குவாதம். மீன் அறுக்கும் கத்தியால் தம்பியின் வயிற்றில் குத்திவிட்டார். தம்பி பிழைத்துக்கொண்டான். குடலைத் தைத்துப் போட்டார்கள். பிழைத்ததும் மெயின்லேண்டுக்குக் கப்பலேறிப் போனவன் பிறகு ஒரு கடிதம் போடவில்லை. இவருக்கு ஜெயில். ஜெயிலில் கிடைக்காததால் குடி நின்றது. வெளியே வந்த முதல் நாள்தான் உண்மையான சோதனை என்றார்.

"அன்னையிலருந்து மூணு வருசம் ஆச்சு. தெனமும் காலைல எந்திரிச்சதும் வாயி ஊறும். பக்கத்துல ஒருத்தன், இதே கஷ்டத்துல உள்ளவன், இருந்திருந்தாம்னா பாதி பாரம் கொறஞ்சிருக்கும். கோயில்லருந்து பாதிரியார் வந்தாரு, செபம் பண்ணுனாரு, நல்ல மனுசன். ஆனா அவருக்கு வாயி ஊறாதுல்லா?"

நான் தலை குனிந்திருந்தேன். காப்பியைச் சட்டை மேல் சிந்திக்கொண்டேன்.

"உனக்காக மட்டும் வரல" என்றார். "உன்னப் பார்த்தா அன்னைக்கு எனக்குக் குடிக்கத் தோணாது. அந்த ஆதாயம் எனக்கு உண்டு. அதனால நீ எனக்கு நன்றி ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அன்றோடு குடியை நிறுத்தினேன், அவர் கூடவே இருந்தார். முதல் இரண்டு நாள் வாந்தியும் வியர்வையும் நடுக்கமும். மூன்றாம் நாள் மதியம் பலகைச் சுவர் இடுக்கிலிருந்து பூரான்கள் வர ஆரம்பித்தன. இந்தத் தீவில் ஒரு முழம் நீளப் பூரானை நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன். அதனால் இவையும் நிஜம் என்றே நம்பினேன். சுவர் முழுக்க, தரை முழுக்க, என் மனைவியின் மாவுக்கட்டுக்குள்ளிருந்தும் வந்தன. உளிப் பெட்டியைத் திறந்து அரை அங்குல உளியை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்துப் பாய்ந்தேன். பூரானைக் குத்தத்தான். அவள் அலறினாள். படகுக்காரர் குறுக்கே விழுந்தார். உளி அவர் முழங்கைக்குக் கீழே ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

உளி குத்தியிருந்த கையோடு மற்ற கையால் என்னைக் கீழே தள்ளி, என் மார்பின் மேல் முழுப் பாரத்தோடு உட்கார்ந்தார். என் உடம்பு வில்லாக வளைந்து இழுக்க ஆரம்பித்தது. அதன்பின் எனக்கு நினைவில்லை. மனைவி சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர் என்னை ஒருக்களித்துப் போட்டு, வாயிலிருந்த நுரையைத் துடைத்துவிட்டு அவளிடம் சொன்னாராம்: "தங்கச்சி, இது நம்ம கைய மீறிப் போச்சு. டாக்டர்தான் பார்க்கணும். வண்டிக்கு ஆள் அனுப்பு." அவள் ஒற்றைக் கையால் தன் சேலையைக் கிழித்து, பல்லால் இழுத்து, அவர் கையில் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் என்னைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டாவிட்டால் நர்சின் கழுத்தைப் பிடித்திருப்பேன் என்றார்கள். ஊசி போட்டார்கள். கண் திறந்தபோதெல்லாம் படகுக்காரர் பக்கத்து ஸ்டூலில் இருந்தார், தன் கையிலும் கட்டோடு. ஒரு தடவை அவரைப் பார்த்து, "என்னக் கொன்னுபோட்டிரும்" என்று கெஞ்சினேன். "அது பெறகு பார்ப்போம். இப்ப இந்தக் கஞ்சியக் குடி" என்றார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவளுடைய அக்காளும் அத்தானும் சௌல்தாரி கிராமத்தில் வயலும் வாழைத்தோட்டமும் வைத்துக் குடியேறியிருந்தார்கள். அங்கே போவதாகச் சொன்னாள்.

"நான் சொல்லி அனுப்பாம நீங்க அங்க வரக்கூடாது" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, இவுகளத் தேத்துறதுக்கு நீங்க சாவாதீங்க" என்றாள்.

எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பேசவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் கோபத்தில் தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்து உடைத்திருந்தேன்.

"ஒரு வார்த்த தடுத்துச் சொல்லலியே நீரு?"

"எதுக்குத் தடுக்கணும்? நீ அவ தலைக்குத்தான வீசுன?" என்றார். "அவ வாரதும் வராததும் அவ பாடு. நீ குடிக்காம இருக்கதுதான் உன் பாடு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டுனேன்னா, அவ வரலைன்னதும் குடிச்சிருவே."

பிறகு அவரே குனிந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன்.

பட்டறையில் பாலிஷ் போடும் வேலையிலிருந்து மாற்றிக்கொண்டு அறுப்பு வேலைக்குப் போகச் சொன்னார். போனேன். சாராயக் கொட்டகை வழியாகப் போகாமல் கடலோரமாகச் சுற்றிப் போகும் வழியைக் காட்டினார். முதல் மாதம் அவரே கூட நடந்தார். மாலை வேலை முடிந்ததும் அவருடைய படகுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். அங்கே இன்னொருவனும் வருவான். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டில் மரம் வெட்டக் கொண்டுவரப்பட்டவன். கறுத்த, குட்டையான, பேச்சே இல்லாத ஆள். குடித்துவிட்டுத் தன் கூட்டாளியைக் கோடரிக் காம்பால் அடித்துத் தாடையை உடைத்தவன். மூன்று பேரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். மூன்று பேர் இந்தியும் மூன்று விதம்.

படகுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ஆஜ்?" இன்றைக்குக் குடித்தாயா என்று அர்த்தம். ராஞ்சிக்காரன் தலையை ஆட்டுவான், இல்லை என்று. நானும் இல்லை என்பேன். ஒரு நாள் உணர்ச்சிவசப்பட்டு, "எங்க குலசாமி மேல சத்தியமா இனி தொடமாட்டேன்" என்று சொன்னபோது அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சாமிய எதுக்கு இதுல இழுக்க? நாளைக்கு ஒடஞ்சா சாமிகிட்டயும் போக முடியாது. இன்னைக்குப் பொழுது அடையிற வரைக்கும் போதும். நாளைக்கு நாளைக்கு."

அந்தக் கொட்டகையில் வேறு எவரிடமும் சொல்ல முடியாததைச் சொன்னோம். அவள் கை முறிந்த சத்தம் கேட்டதும் எனக்குள்ளே ஒரு நொடி சந்தோஷம் வந்தது என்று நான் சொன்னேன். ராஞ்சிக்காரன் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். தாடையை உடைத்தபோது தனக்கும் வந்தது என்றான். யாரும் யாரையும் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. படகுக்காரர் படகின் பலகை இடுக்கில் தண்ணீர் புகாதபடி பஞ்சை வைத்து அடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மாதம் ஆனதும் நான் அவள் பேச்சை மீறிச் சௌல்தாரிக்குப் போனேன். சுத்தமாகச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, குடிக்காத முகத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். வரப்பில் சகலை நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த அரிவாளை மாற்றிப் பிடித்தார்.

"இன்னும் ஒரு எட்டு வச்சீர்னா காலை எடுத்துருவேன்" என்றார்.

வைத்தேன். அவர் நிஜமாகவே வீசினார். நுனி என் முழங்காலுக்குக் கீழே கோடு கிழித்தது, வேட்டி சிவந்தது. அதற்குள் அவள் ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"ரெண்டு மாசந்தான ஆச்சு" என்றாள் என்னிடம். "கட்டுப் பிரிச்சே பத்து நாளுதான் ஆவுது. விரலு மடங்க மாட்டேங்கி. நீங்க குடிக்காம இருக்கத நான் எதுக்குப் பார்க்கணும்? போங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க முழுக்கக் கொலைவெறியோடுதான் உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும் கால் தானாகச் சாராயக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. படகுக்காரர் அன்று சாத்தம் ஜெட்டியில் ஒரு படகைப் பழுது பார்க்கப் போயிருந்தார். ராஞ்சிக்காரனின் குடிசைதான் பக்கம். அவன் என் முகத்தையும் வேட்டியையும் பார்த்தான். ஒரு கோடரியை என் கையில் கொடுத்து, கொல்லையில் கிடந்த கட்டைகளைக் காட்டினான். பொழுது சாயும்வரை பிளந்தேன். ஒவ்வொரு கட்டையிலும் சகலையின் தலையைத்தான் பார்த்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிளந்ததை அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்து காம்பு வழுக்கியபோது, "ஆஜ்?" என்றான். "நஹி" என்றேன்.

நான் குடியை நிறுத்திப் பதினோரு மாதம் ஆனபோது ராஞ்சிக்காரன் பட்டறைக்கு ஓடிவந்தான். மழைக்காலம், மத்தியானம் மூன்று மணி. "மிஸ்திரி, ஜல்தி" என்று மட்டும் சொன்னான், தச்சா, சீக்கிரம் என்று.

காலையில் வந்த கப்பலில் படகுக்காரருக்குத் தூத்துக்குடியிலிருந்து கடிதம் வந்திருந்தது. தம்பி இறந்துவிட்டான். அதே வயிற்றில் ஏதோ கோளாறு, தைத்த இடம் என்று எழுதியிருந்தார்கள். இறந்து நாற்பது நாளாகிவிட்டது. இவருக்குச் சொல்ல வேண்டாம் என்று தாயார் தடுத்திருந்தாள்.

கொட்டகைக்குள் அவர் வாய்ச்சியோடு நின்றார். மரம் செதுக்கும் அந்த ஆயுதம் அவர் கையில் எப்போதும் பூப்போல இருக்கும். இப்போது அதை வைத்து, முக்கால்வாசி முடித்திருந்த படகின் விலாக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பிளந்துகொண்டிருந்தார். சாராய வாடை வாசலிலேயே அடித்தது. சட்டையெல்லாம் வாந்தி. என்னைக் கண்டதும், "வாலே, பொண்டாட்டி கைய ஒடிச்சவனே" என்று சிரித்தார். "எனக்குப் புத்தி சொல்ல வந்தியா? நான் கொன்னவன்லே! கொன்னவன்!"

வாய்ச்சியை வீசினார். என் தோளுக்கு மேலே தூணில் பாய்ந்து நின்றது. அதைப் பிடுங்க அவர் திரும்பிய நொடியில், பின்னால் போய், அவர் என்னைப் பிடித்ததுபோலவே இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினேன். ஆனால் அவர் என்னைவிட பலசாலி. உதறினார், நான் படகின் மேல் விழுந்து உடைந்த கட்டை முதுகில் குத்தியது. எழுந்து அவர் தாடையில் ஒரு குத்து விட்டேன். அவர் சாய்ந்தார். விழுந்து கிடந்தார், கை கால் ஓய்ந்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நான் அவர் மேல் உட்கார்ந்து இன்னும் மூன்று தடவை குத்தினேன். கண்ணில், வாயில், மறுபடியும் கண்ணில். ஓங்கி, நிதானமாக. ராஞ்சிக்காரன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். "பஸ், மிஸ்திரி! பஸ்!" போதும், போதும் என்று அவன் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.

சேற்றில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தேன். விரல் கணுக்கள் கிழிந்து, அவருடைய பல் ஒன்று பதிந்த இடத்தில் ரத்தம் வந்தது. பதினோரு மாதமாக என் உடம்பில் ஒரு சொட்டு இல்லை. குடிதான் என் கையைத் தூக்கிவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அந்தச் சேற்றில்தான் புரிந்தது. பயம் வந்தது. குடித்துக்கொண்டிருந்த வருடங்களில்கூட என்னைக் கண்டு எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கழுவி, படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்தோம். மறுநாள் விடிந்த பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். மற்றது வீங்கி மூடியிருந்தது.

"நாலு வருசம் போச்சு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரும் போயிருங்க. இனி என்னப் பார்த்து என்ன படிக்கப் போறிய?" என்றார்.

"உங்களப் பார்த்தா இன்னைக்கு எங்களுக்குக் குடிக்கத் தோணாது" என்றேன். "அந்த ஆதாயத்துக்குத்தான் இருக்கோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை.

நான் செய்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க விழுந்த பெறகும் அடிச்சேன்."

"தெரியும். மூணு. எண்ணிக்கிட்டுத்தான் கெடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மொத அடி எனக்கு. மத்தது உனக்கே வேண்டியிருந்துச்சு. அத நீ கவனிச்சுக்க. குடிய விட்டா எல்லாம் ஆச்சுன்னு நானும் நெனச்சேன், ஓய். அது பாதிதான்."

தம்பிக்காக அவர் அழுதது அதன்பிறகுதான். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். அன்று மாலை ராஞ்சிக்காரன்தான் கேட்டான். "ஆஜ்?" "இல்ல" என்றார் படகுக்காரர். அன்றைக்கு அது உண்மையாக இருந்தது. பிறகும் இருந்தது. அவர் மறுபடி குடிக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் சௌல்தாரிக்கு, என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். குடியை விட்டுவிட்டேன் என்று எழுதவில்லை. குடிக்காமலே ஒருவரை விழுந்த பிறகு அடித்தேன், எனக்குள் அது இன்னும் இருக்கிறது, அதற்குக் குடி காரணம் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதினேன். வரச் சொல்லிக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவள் தானாக வந்தாள். ஏன் வந்தாய் என்று பல வருடம் கழித்துக் கேட்டபோது, "அந்தக் காயிதத்துல மொத தடவையா உண்மை இருந்துச்சு. அதுக்காகப் பயம் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க" என்றாள். வந்த அன்றே என் உளிப் பெட்டியையும் கருவிகளையும் பட்டறையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வீட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவள் படுக்கும் அறைக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் நானே செய்து பொருத்தினேன். அந்த அறைத் தாழ்ப்பாளை அவள் போடாமல் தூங்கிய முதல் நாள் எது என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

எழுபதுகளில் குடியேற்றங்கள் தெற்கே பரவியபோது படகுக்காரர் படகு கட்டத் தென்கோடியிலிருந்த காம்ப்பெல் பே என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் உட்காருவதாக எழுதியிருந்தார். ராஞ்சிக்காரனும் நானும் இங்கே பார்த்துக்கொண்டோம். யார் வீட்டிலாவது கூச்சல் கேட்டால் எங்களைக் கூப்பிட ஆள் வரும். நாங்கள் போய்ப் பிடிப்போம், உட்காருவோம், மறுநாள் காலை திரும்பப் போவோம். அப்படி நாங்கள் பிடித்ததில் குடியை விட்டவர்களைவிட விடாதவர்களே அதிகம்.

ஒருநாள் மத்தியானம் ஒரு தெலுங்குப் பெண் எங்கள் வாசலில் வந்து விழுந்தாள். புருவம் பிளந்து எலும்பு தெரிந்தது. அவள் புருஷன் கொத்தனார், கடப்பாரையோடு வீட்டில் நிற்கிறான் என்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாம்மா, நான் வந்து பேசுதேன்" என்று அவளையும் கூடவே அழைத்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

என் மனைவி குறுக்கே வந்தாள்.

"அவள எங்க கூட்டிட்டுப் போறீக?"

"அவ வீட்டுக்குத்தான்."

"அவனப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றது உங்க வேல. அவ எதுக்கு அங்க? நீங்க எல்லாரும் உக்காந்து உக்காந்து அவன மனுசனாக்குற வரைக்கும் இவ அடி வாங்கணுமா? அண்ணாச்சி நல்லவுகதான். ஆனா அன்னைக்கு நான் சௌல்தாரிக்குப் போனது என் புத்தி. யாரும் எனக்குச் சொல்லல. இவளுக்குச் சௌல்தாரி இல்ல. இவ இங்க இருக்கட்டும்."

இத்தனை வருடத்தில் எங்கள் மூன்று பேர் மூளையிலும் அது உதிக்கவே இல்லை.

தனியாகப் போனேன். கொத்தனார் என்னைக் கண்டதும் கடப்பாரையை ஓங்கினான். "கோன் ஹை தூ?" யார் நீ, அவள் எங்கே என்று இந்தியில் கத்தினான். நிலைப்படியில் அது விழுந்து சிம்பு தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. மறுபடி ஓங்குமுன் உள்ளே புகுந்து கட்டிப் பிடித்தேன். கடித்தான். என் வலது கை விடுபட்டு உயர்ந்தது. குத்தினால் ஒரே குத்தில் அவன் விழுவான் என்று தெரிந்தது, ஆசையும் இருந்தது. இறக்கி மறுபடி அவன் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டேன். அவன் களைக்க வெகுநேரம் ஆனது.

அவனோடு ஏழு மாதம் உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு தடவை நின்றான், இரண்டு தடவையும் திரும்பிப் போனான். கடைசியில் விசாகப்பட்டினம் கப்பலில் ஏறிப்போய்விட்டான். பிறகு என்ன ஆனான் என்று தெரியாது. அந்தப் பெண் போகவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஏழு மாதமும் இருந்தாள். என் மனைவியிடம் தமிழ் கற்றுக்கொண்டு, திருநெல்வேலித் தமிழிலேயே எல்லாரையும் அதட்டினாள். அபர்டீன் பஜார் பக்கம் ஒரு டீக்கடையில் இட்லிக்கு மாவாட்டப் போனாள், பிறகு தானே ஒரு சின்னக் கடை போட்டாள். அவளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வந்து படுத்த பெண்கள் பலர். என் மனைவி அவர்களிடம் ஒன்றும் அறிவுரை சொன்னதாக எனக்கு நினைவில்லை. பாயை விரித்துக் கொடுத்து, கதவைத் தாழிட்டுவிட்டு, என்னை வெளியே போகச் சொல்வாள்.